ஓடியோன் தெருவில் ஒரு கடை

நம் ஊர்க் கடைகளில் பணப்பெட்டிக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில், ஒரு சிறு பலகை தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். "கடன் அன்பை முறிக்கும்" என்று அதில் எழுதியிருக்கும். சில கடைகளில் இன்னும் சாமர்த்தியமான வாசகம் ஒன்று உண்டு: "இன்று ரொக்கம், நாளை கடன்." மறுநாள் போனாலும் பலகை அதையேதான் சொல்லும்! பட்டு அனுபவித்தவர்கள் எழுதி மாட்டிய வாசகங்கள் இவை. அவற்றைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை.

ஆனால் இந்த வியாபார சாஸ்திரத்துக்கு முற்றிலும் விரோதமாகப் பாரிஸ் நகரத்தில் ஒரு சின்னக் கடை 22 வருஷ காலம் நடந்தது. அங்கே புத்தகம் கடனாகக் கிடைத்தது. சில சமயம் பணமும் கடனாகக் கிடைத்தது. அன்பு முறிந்ததோ என்றால், அதுதான் இல்லை. அந்தக் கடை இழுத்து மூடப்படாமல் ஒரு தடவையும், பகைவர் கையில் சிக்காமல் இன்னொரு தடவையும் அதைக் காப்பாற்றியது அந்த அன்புதான். ஒரு கடையைச் சுற்றி நாலு பேர் கூடுவது எப்படி, கூடியவர்கள் கலைந்து போகாமல் நிற்பது எதனால் என்று யோசிக்கிறவர்களுக்கு அந்தக் கடையின் சரித்திரத்தில் விஷயம் இருக்கிறது.

அதன் பூர்வீகம் இன்னொரு பெண்ணின் கடையில் இருக்கிறது. 1915-ஆம் வருஷம், முதல் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ஆத்ரியன் மோனியே என்ற பிரெஞ்சுப் பெண்ணுக்கு அப்போது வயது 23. அவருடைய தகப்பனார் ரயிலில் தபால் பிரிக்கும் உத்தியோகத்தில் இருந்தவர். ஒரு ரயில் விபத்தில் அடிபட்டதற்காக அவருக்கு நஷ்ட ஈடாகக் கொஞ்சம் பணம் கிடைத்தது. தம் உடம்பை விலையாகக் கொடுத்துப் பெற்ற அந்தப் பணத்தை அப்படியே மகளிடம் கொடுத்துவிட்டார். மகள் அதைக் கொண்டு ஓடியோன் தெருவில் 7-ஆம் நம்பர் கட்டடத்தில் ஒரு புத்தகக் கடை திறந்தார். "புத்தக நண்பர்களின் இல்லம்" என்று அதற்குப் பெயர். ஒரு புத்தகத்தை முன்பின் அறியாமல் ஒருவர் எப்படி விலை கொடுத்து வாங்க முடியும் என்பது ஆத்ரியனின் கேள்வி. ஆகையால் முதலில் எடுத்துப் போய்ப் படியுங்கள், பிடித்திருந்தால் வாங்குங்கள் என்றார். பாரிஸின் எழுத்தாளர்கள் ஒவ்வொருவராக அங்கே வந்து உட்காரத் தொடங்கினார்கள்.

யுத்தம் முடிவதற்கு முன்பே ஒரு நாள் அந்தக் கடை வாசலில் ஓர் அமெரிக்கப் பெண் வந்து நின்றார். பிரின்ஸ்டன் நகரத்துப் பாதிரியார் ஒருவரின் மகள். பெயர் ஸில்வியா பீச். அன்றைக்குக் காற்று பலமாக அடித்தது. ஸில்வியாவின் தொப்பி பறந்து தெருவோடு உருண்டது. கடைக்காரப் பெண் வெளியே பாய்ந்து ஓடி, தொப்பியைப் பிடித்துத் தூசி தட்டிக் கையில் கொடுத்தார். அன்று தொடங்கிய சிநேகம் ஆயுள் பரியந்தம் நீடித்தது.

ஸில்வியாவுக்கும் ஒரு கடை திறக்கும் ஆசை வந்தது. முதலில் நியூயார்க்கில் பிரெஞ்சுப் புத்தகக் கடை வைக்கத்தான் எண்ணினார். வாடகையைக் கேட்டதும் தலை சுற்றியது. லண்டனிலும் அதே கதை. சரி, பாரிஸிலேயே ஆங்கிலப் புத்தகக் கடை திறந்தால் என்ன என்று யோசனையைத் திருப்பிப் போட்டார். அமெரிக்காவில் இருந்த தாயாருக்குத் தந்தி பறந்தது. அந்த அம்மாள் தாம் சேர்த்து வைத்திருந்த 3,000 டாலரையும் அனுப்பிவிட்டார். ஒரு கடைக்குத் தகப்பனார் பட்ட காயம் மூலதனம் என்றால், மற்றொரு கடைக்குத் தாயாரின் சேமிப்பு மூலதனம்.

ஆத்ரியனின் கடைக்கு அருகிலேயே துபுய்த்ரான் என்னும் சின்னத் தெருவில் இடம் கிடைத்தது. அது முன்பு ஒரு சலவைக் கடை. கதவின் ஒரு பக்கம் "கனம்" என்றும் மறு பக்கம் "மெல்லிசு" என்றும் பொருள்படும் பிரெஞ்சுச் சொற்கள் எழுதியிருந்தன. கனத்த துணியும் மெல்லிய துணியும் இங்கே வெளுத்துத் தரப்படும் என்பது அதன் தாத்பரியம். ஆத்ரியன் கொஞ்சம் பூசினாற்போல் இருப்பவர், ஸில்வியா ஒல்லி. ஆத்ரியன் போய்க் "கனம்" என்ற சொல்லுக்குக் கீழே நின்றுகொண்டு, ஸில்வியாவை "மெல்லிசு"க்குக் கீழே நிற்கச் சொன்னாராம். நம் இருவருக்காகவே எழுதி வைத்திருக்கிறார்கள் என்று சிரிப்பு.

1919-ஆம் வருஷம் நவம்பர் 19-ஆம் தேதி கடை திறக்கப்பட்டது. "ஷேக்ஸ்பியர் அண்டு கம்பெனி" என்று பெயர். கூட்டாளியான ஷேக்ஸ்பியர் போட்ட முதல் எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. 1921-ல் கடை ஓடியோன் தெரு 12-ஆம் நம்பருக்கு, அதாவது ஆத்ரியன் கடைக்கு எதிர்ச் சாரிக்கு, இடம் மாறியது.

இனி அந்தக் கடை நடந்த விதத்தைச் சொல்ல வேண்டும்.

யுத்தத்துக்குப் பின் பிரெஞ்சு நாணயத்தின் மதிப்பு இறங்கிப் போயிருந்தது. பவுனிலும் டாலரிலும் விலை போட்ட ஆங்கிலப் புத்தகத்தைப் பிராங்கில் வாங்குவதென்றால், மாணவனுக்கும் எழுத்தாளனுக்கும் கட்டுப்படியாகாது. ஆகவே ஸில்வியாவும் விற்பனையைவிட இரவல் தருவதையே பிரதானமாக வைத்துக்கொண்டார். சந்தா கட்ட வேண்டும், முன்பணம் கட்ட வேண்டும், குறித்த நாளில் புத்தகத்தைத் திருப்ப வேண்டும் என்றெல்லாம் விதிகள் இருந்தன. விதிகள் இருந்தன என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

புத்தகங்களுக்கு அட்டவணை என்று ஒன்று கிடையாது. கடையில் என்னென்ன இல்லை என்பதை அவரவரே கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்பது ஸில்வியாவின் கொள்கை. அதனால் வந்தவர்கள் அலமாரிகளைத் துழாவ வேண்டும், அல்லது ஸில்வியாவிடம் பேச வேண்டும். பேசப் பேச, யாருக்கு எந்தப் புத்தகம் பிடிக்கும் என்பது அவர் மனத்தில் பதிந்துவிடும். அட்டவணை இருந்திருந்தால் சீட்டு நீட்டிப் புத்தகம் வாங்கிப் போயிருப்பார்கள். கடை இன்னும் ஒழுங்காக நடந்திருக்கும். ஆனால் ஒருவருக்கொருவர் முகம் தெரிந்திருக்காது.

சந்தாதாரருக்கு ஓர் அடையாள அட்டை உண்டு. அதைக் காட்டி முன்பணத்தைத் திரும்பப் பெறலாம். கையில் காசில்லாத வேளையில் பலருக்கும் அது ஆபத்துக்கு உதவியது. அந்தப் பேட்டையில் எழுத்தாளர்களும் ஓவியர்களும் மாதத்துக்கு ஒரு ஜாகை மாறுவார்கள். அவர்களுக்கு நிலையான விலாசம் ஏது? எல்லாரும் கடையின் விலாசத்தையே கொடுத்தார்கள். ஸில்வியா எழுத்து வரிசைப்படி அறைகள் வைத்த ஒரு பெட்டி செய்து, அவரவர் கடிதத்தை அதில் போட்டு வைத்தார். கடிதம் வந்திருக்கிறதா என்று பார்க்க வருகிறவன் புத்தகத்தையும் பார்ப்பான். அங்கே நிற்கும் இன்னொருவனோடு பேச்சும் கொடுப்பான். சந்தாதாரருக்குப் பிரெஞ்சில் உள்ள சொல் ஆங்கிலக்காரர் வாயில் மருவி, முயல்குட்டி என்று பொருள்படும் செல்லப் பெயராகிவிட்டது. சந்தாதாரர்களை முயல்குட்டிகள் என்று அழைக்கும் கடையில் விதிகள் எவ்வளவு கடுமையாக இருந்திருக்கும் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

1921 டிஸம்பரில் பாரிஸுக்கு வந்த ஓர் அமெரிக்க இளைஞன் கடைக்குள் சற்றுக் கூச்சத்தோடு நுழைந்தான். வயது 22. முன்பணம் கட்டக் கையில் பணமில்லை. பரவாயில்லை, எப்போது முடியுமோ அப்போது கட்டுங்கள் என்று சொல்லி, வேண்டிய புத்தகங்களை எடுத்துக்கொள்ளச் சொன்னார் ஸில்வியா. துர்கனேவும் டால்ஸ்டாயும் டாஸ்டாவ்ஸ்கியும் கைநிறைய அவனோடு வீட்டுக்குப் போனார்கள். அந்த இளைஞன்தான் எர்னெஸ்ட் ஹெமிங்வே. முன்பின் தெரியாத தன்னை அந்தப் பெண் நம்பியதை அவர் மறக்கவில்லை. அவர் காலமான பிறகு 1964-ல் வெளிவந்த பாரிஸ் நினைவுகளில் இதை நன்றியோடு எழுதியிருக்கிறார்.

இதுவரை சொன்னது நல்ல மனசுள்ள ஒரு கடைக்காரியின் கதை. நல்ல மனசு மட்டும் கூட்டத்தைச் சேர்க்கும், கட்டி நிறுத்தாது. தங்களுக்குக் கிடைப்பதை மட்டும் வாங்கிப் போகிறவர்கள், அடுத்த தெருவில் இன்னும் நன்றாகக் கிடைத்தால் அங்கே போய்விடுவார்கள். கடைக்காகத் தாங்களும் ஒரு காரியம் செய்தோம் என்ற நினைப்பு வேண்டும். அப்படிப்பட்ட காரியம் ஒன்று 1921-ல் வந்து சேர்ந்தது.

ஐரிஷ் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ் அப்போது "யுலிஸிஸ்" நாவலை எழுதிக்கொண்டிருந்தார். அது தொடராக வந்த அமெரிக்கப் பத்திரிகையின் ஆசிரியைகள் இருவருக்கும், ஆபாசம் என்று நியூயார்க் கோர்ட்டில் ஆளுக்கு 50 டாலர் அபராதம் விதித்தார்கள். இங்கிலாந்தில் அச்சுக்கோக்கவே ஆள் அகப்படவில்லை. இனிமேல் தம் புத்தகம் வெளிவராது என்று ஜாய்ஸ் கடையில் வந்து மனமுடைந்து சொன்னார். அந்தப் பெருமையை எங்கள் கடைக்குத் தருவீர்களா என்று கேட்டார் ஸில்வியா. பிரசுரத் தொழிலில் அவருக்கு அனுபவம் இல்லை, முதலும் இல்லை. இருந்தது சந்தாதாரர் கூட்டம் ஒன்றுதான்.

ஆயிரம் பிரதிகள் அச்சிடுவது, முன்கூட்டியே பெயர் பதிந்துகொள்வது என்று ஏற்பாடு. 100 பிரதிகள் உயர்ந்த காகிதத்தில், ஆசிரியர் கையொப்பத்துடன் 350 பிராங்கு. 150 பிரதிகள் 250 பிராங்கு. மீதி 750 பிரதிகள் 150 பிராங்கு. டிஜோன் நகரத்து அச்சகத்தார் ஒருவர் வேலையை ஏற்றுக்கொண்டார். உடனே கடையைச் சேர்ந்தவர்கள் கிளம்பினார்கள். ஆந்த்ரே ஜீத் தாமே வந்து படிவத்தை நிரப்பிக் கொடுத்தார். ராபர்ட் மக்கால்மன் என்ற இளம் எழுத்தாளர் இரவு விடுதிகளைச் சுற்றிச் சந்தா சேர்த்தார். விடியற்காலையில் அவர் கொண்டுவந்து போடும் படிவங்களில் கையொப்பங்கள் மலையேறி இறங்கியிருக்குமாம்! பெர்னார்ட் ஷா வாங்குவாரா என்று ஸில்வியாவுக்கும் ஜாய்ஸுக்கும் பந்தயம். வாங்கமாட்டார் என்றார் ஜாய்ஸ். இவ்வளவு விலை கொடுத்து எந்த ஐரிஷ்காரனும் புத்தகம் வாங்கமாட்டான் என்ற பொருள்பட ஷாவின் கடிதம் வந்தது. ஜாய்ஸுக்கு ஒரு பெட்டி சுருட்டு லாபம்.

ஜாய்ஸ் சாதாரண ஆசாமி அல்ல. புத்தகத்தில் மூன்றில் ஒரு பங்கை அவர் ப்ரூப் தாளிலேயே எழுதினார் என்று ஸில்வியா சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு திருத்தத்துக்கும் அச்சுக்கூலி ஏறும். பணம் கடையின் பெட்டியிலிருந்து போகும். கடைசியில் 1922 பிப்ரவரி 2-ஆம் தேதி, ஜாய்ஸின் நாற்பதாவது பிறந்த நாளன்று, டிஜோன் ரயிலில் வந்த கார்டு இரண்டு பிரதிகளைக் கொண்டுவந்து ஸில்வியாவின் கையில் கொடுத்தார். ஒன்று ஜாய்ஸுக்கு, மற்றொன்று கடையின் கண்ணாடி ஜன்னலுக்கு.

அமெரிக்காவில் புத்தகத்துக்குத் தடை. அங்கே உள்ள சந்தாதாரருக்கு அனுப்புவது எப்படி? முன்பு முன்பணம் கட்ட முடியாமல் நின்ற ஹெமிங்வே இப்போது வழி சொன்னார். அவருடைய நண்பர் ஒருவர் கனடாவின் எல்லை ஊரான வின்ஸரில் அறை எடுத்துத் தங்கி, தினமும் படகில் ஆற்றைக் கடந்து டெட்ராய்ட்டுக்குப் போனார். ஒவ்வொரு நாளும் கால்சட்டைக்குள் ஒரு பிரதி! புத்தகமோ 732 பக்கம். அந்த மனிதர் நடந்த நடையைக் கற்பனை செய்து பாருங்கள்.

இதற்கப்புறம் கடையின் பெயர் உலகமெல்லாம் பரவியது. லாபமும் அப்படியே பெருகியிருக்கும் என்று நினைத்தால் ஏமாந்து போவோம். ஜாய்ஸ் செலவாளி. முன்பணமாகவும் கடனாகவும் அவர் வாங்கிக்கொண்டே இருந்தார். ஸில்வியாவும் மறுக்காமல் கொடுத்துக்கொண்டே இருந்தார். 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பிரசுரகர்த்தர்கள் புத்தகத்தைக் கேட்டு வந்தபோது, ஸில்வியா தம் உரிமையை விட்டுக்கொடுக்கும்படி ஆயிற்று. 1933 டிஸம்பர் 6-ஆம் தேதி நியூயார்க் நீதிபதி வூல்ஸி புத்தகம் ஆபாசமல்ல என்று தீர்ப்பளித்தார். 1934 ஜனவரியில் ராண்டம் ஹவுஸார் அதை வெளியிட்டார்கள். அந்த வரும்படியில் ஸில்வியாவுக்கு ஒரு காசும் சேரவில்லை. கடன் அன்பை முறிக்கும் என்ற பலகைக்கு இந்த ஓர் இடத்தில் கொஞ்சம் தலை வணங்கத்தான் வேண்டும்.

அதே சமயத்தில் உலகமெங்கும் பணமுடை. பாரிஸில் இருந்த அமெரிக்கர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். 1935-ல் ஜீத் கடைக்கு வந்தபோது, கடையை மூடிவிடலாமென்று இருப்பதாக ஸில்வியா சொன்னார். அதற்கு விடமாட்டோம் என்று பதறினார் ஜீத். உடனே தெருவைக் கடந்து ஆத்ரியனிடம் ஓடினார். முதலில் பிரெஞ்சு சர்க்காருக்கு மனுப் போட்டுப் பார்த்தார்கள். அந்நியர் நடத்தும் கடைக்குக் கொடுக்க வழியில்லை என்று சர்க்கார் கையை விரித்துவிட்டது.

எழுத்தாளர்கள் கூடி வேறு ஏற்பாடு செய்தார்கள். "ஷேக்ஸ்பியர் அண்டு கம்பெனியின் நண்பர்கள்" என்று ஒரு சங்கம். வருஷத்துக்கு 200 பிராங்கு சந்தா. அங்கத்தினர் 200 பேர். ஏனென்றால் அந்தச் சின்னக் கடைக்குள் அதற்குமேல் ஆட்களை அடைக்க முடியாது. கூட்டம் போட்டு, எழுத்தாளர்கள் இன்னும் வெளிவராத தங்கள் எழுத்தை வாசிப்பார்கள். 1936-ல் ஜீத் தொடங்கி வைத்தார். கவி பால் வலேரி வாசித்தார். டி. எஸ். எலியட் இதற்கென்றே லண்டனிலிருந்து வந்தார். மேடையென்றால் ஹெமிங்வேக்கு வெறுப்பு. ஸ்டீபன் ஸ்பெண்டரும் கூட வாசித்தால் தாமும் வாசிப்பதாகச் சொல்லி, 1937-ல் வந்து வாசித்தார். கடை பிழைத்தது. ஸில்வியா பதினைந்து வருஷமாகக் கணக்குப் பார்க்காமல் கொடுத்ததில் ஒரு பகுதி, கொடுத்த இடத்திலிருந்தே வராமல் வேறு பல இடங்களிலிருந்து வந்து சேர்ந்தது. அதிகமாக வாங்கியவர் திருப்பவில்லை. கொஞ்சமாக வாங்கிய பலர் திருப்பினார்கள்.

1940-ல் ஜெர்மானியர் பாரிஸைப் பிடித்தார்கள். ஸில்வியா ஊரைவிட்டுப் போகவில்லை, கடையையும் மூடவில்லை. 1941-ல் ஒரு நாள் ஜெர்மன் ராணுவ அதிகாரி ஒருவர் பெரிய காரில் வந்து இறங்கினார். ஜன்னலில் ஜாய்ஸின் "ஃபின்னெகன்ஸ் வேக்" பிரதி ஒன்று இருந்தது. அதை விலைக்குக் கேட்டார். இருப்பது ஒன்றுதான், விற்பதற்கில்லை என்றார் ஸில்வியா. அதிகாரி கோபத்தோடு போனார். சில நாள் கழித்துத் திரும்பி வந்து, கடைச் சாமான் முழுவதையும் இன்றைக்கே பறிமுதல் செய்யப்போகிறோம் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

கார் தெருமுனை திரும்பியதும் ஸில்வியா வீட்டுக் காவற்காரியிடம் ஓடினார். அதே கட்டடத்தின் மேல்மாடியில் ஒரு ஜாகை காலியாக இருந்தது. காவற்காரி அதைத் திறந்துவிட்டாள். நண்பர்கள் வந்து கூடினார்கள். துணிக்கூடைகளில் புத்தகங்களும், சுவரிலிருந்த எழுத்தாளர் படங்களும், மேஜை நாற்காலிகளும் மாடிப்படி ஏறின. தச்சர் அலமாரிகளைக் கழற்றினார். வர்ணம் பூசுகிறவர் வாசலில் இருந்த கடையின் பெயரை அழித்தார். எல்லாம் இரண்டே மணி நேரத்தில்! ஜெர்மானியர் பறிமுதல் செய்ய வந்தார்களோ இல்லையோ, வந்திருந்தால் வெறுஞ்சுவரைத்தான் பார்த்திருப்பார்கள். அவர்கள் கையில் ஒரு புத்தகமும் சிக்கவில்லை. ஆனால் கடைக்காரி சிக்கினார். 1942-ல் அமெரிக்கப் பிரஜை என்பதற்காக அவரைப் பிடித்து விட்டெல் என்ற ஊரில் ஆறு மாதம் முகாமில் வைத்திருந்தார்கள்.

1944 ஆகஸ்டில் பாரிஸ் விடுதலை பெற்றது. ஓடியோன் தெருவுக்குள் ஜீப்புகள் வந்து நின்றன. "ஸில்வியா!" என்று தெருவே அதிரும்படி ஒரு குரல். கீழே ஓடி வந்தவரைத் தூக்கிச் சுழற்றி முத்தமிட்டவர் ஹெமிங்வே. தெருவாசிகள் ஜன்னல்களில் நின்று ஆரவாரம் செய்தார்கள்.

கதை அங்கே முடிந்தால் நாவலுக்குப் பொருத்தமாக இருக்கும். சரித்திரம் அப்படி முடியவில்லை. கடை மறுபடி திறக்கப்படவேயில்லை. ஸில்வியாவுக்கு வயது 57 ஆகியிருந்தது. 1955-ல் ஆத்ரியன் காலமானார். 1959-ல் ஸில்வியா தம் நினைவுகளைக் கடையின் பெயரிலேயே புத்தகமாக வெளியிட்டார். 1962 அக்டோபரில், அதே ஓடியோன் தெருவில், கடைக்கு மேலே இருந்த ஜாகையிலேயே தனிமையில் இறந்தார். நோத்ருதாம் கோயிலுக்கு எதிரே ஜார்ஜ் விட்மன் என்ற அமெரிக்கர் 1951-ல் திறந்த இன்னொரு புத்தகக் கடை, 1964-ல் அந்தப் பெயரை மரியாதையாக ஏற்றுக்கொண்டது. தம் மகளுக்கும் அவர் ஸில்வியா என்று பெயர் வைத்தார். அந்தக் கடை இன்றும் நடக்கிறது.

வியாபாரக் கண்ணோடு பார்த்தால் ஸில்வியா தோற்றவர்தான். இருபத்திரண்டு வருஷ உழைப்புக்கு அவர் சொத்துச் சேர்க்கவில்லை. பிறரை நம்பியதில் அவருக்கு வந்த நஷ்டமும் உண்மை. அதை மறைத்துக் கதையை இனிப்பாக்குவது நியாயமல்ல. ஜாய்ஸிடம் ஒரு தடவையாவது "இல்லை" என்று சொல்லியிருந்தால் கடைக்கு நல்லதாக இருந்திருக்கும். ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தை எண்ணிப் பாருங்கள். சரக்கை விற்றதோடு சரி என்று இருந்த கடைக்கு, பகைவன் ஊரை ஆளும்போது, ஒரு தச்சரும் ஒரு காவற்காரியும் கூடையைத் தூக்கிக்கொண்டு படியேற வருவார்களா? அதற்குக் கூலி எந்தக் கணக்கில் எழுதுவது?

ஸில்வியாவின் காகிதங்கள் இப்போது பிரின்ஸ்டன் சர்வகலாசாலை நூல்நிலையத்தில் இருக்கின்றன. அவற்றில் பழைய சந்தாதாரர்களின் சீட்டுகளும் உண்டு. யார், எந்த விலாசம், எந்தத் தேதியில் எந்தப் புத்தகம் என்று வரிசையாகக் கையால் எழுதியிருக்கிறது. உலகம் அறிந்த பெயர்களும், யாரும் அறியாத மாணவர்களின் பெயர்களும் அடுத்தடுத்து வருகின்றன. எல்லாருக்கும் ஒரே அளவுச் சீட்டுத்தான்.